இரண்டு மடங்கு உயர்ந்த மலை

தேயிலைத் தோட்டத்தில் காலை ஆள்கணக்கெடுக்கும் பெரட்டில் நின்று "இன்னிக்கு எந்த மலை?" என்று கேட்டால் பதிலாக ஒரு நம்பர் வரும். ஏழாம் நம்பர் மலை, பன்னிரண்டாம் நம்பர் மலை. கொழுந்து மலை, கவ்வாத்து மலை, புல்லு வெட்டுகிற மலை என்று வேலையை வைத்தும் சொல்வார்கள். நிரை எங்கே தொடங்குகிறது, எந்தக் கானில் கால் வழுக்கும், நிறுவைக்குக் கூடையை எவ்வளவு தூரம் சுமக்க வேண்டும், இவைதான் அங்கே மலையைப் பற்றிய அறிவு. உச்சியை அண்ணாந்து பார்க்க யாருக்கும் நேரமில்லை. நம்பர் போட முடியாத மலை ஒன்று மஸ்கெலியாவுக்கு அப்பால், நல்லதண்ணிக்கு மேலே நிற்கிறது. சிவனொளிபாதமலை, 2,243 மீற்றர்.

மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கி வைகாசிப் பௌர்ணமி வரை அங்கே பருவகாலம். அந்த நாட்களில் இரவு இரண்டு மணிக்கு நல்லதண்ணியில் பஸ்ஸை விட்டு இறங்கினால் மலை தெரியாது. படிக்கட்டு விளக்குகள் மட்டும் இருட்டுக்குள் நூல் பிடித்தாற்போல் மேலே போகும். கடைசி விளக்கு எது, முதல் நட்சத்திரம் எது என்று சின்ன வயதில் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரிந்ததில்லை.

அந்த நூலை விண்வெளி வரைக்கும் நீட்டிவிட்டவர் ஆர்தர் சி. கிளார்க். 1956இலிருந்து 2008இல் இறக்கும்வரை இலங்கையில் வாழ்ந்த ஆங்கில எழுத்தாளர். 1979இல் வந்த அவருடைய 'தி ஃபவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ்' நாவல் அறிவியல் புனைவுக்கான ஹியூகோ, நெபியூலா ஆகிய இரண்டு பெரிய விருதுகளையும் பெற்றது. அதில் வரும் 'ஸ்ரீகந்த' எங்கள் மலைதான். எழுதியவரின் புகழையும், நம் ஊர் வருகிறதே என்ற பூரிப்பையும் தள்ளி வைத்துவிட்டு அந்த மலையை எடைபோட்டுப் பார்க்க வேண்டும் என்பது எனக்கு வெகுநாள் ஆசை.

எடைபோட ஒரு படிக்கல் வேண்டும். ஆபத்தான இடம் ஒன்றிலிருந்து தப்பும் கதையில் அந்த இடத்துக்கு இரண்டு வேலை. முதல் வேலை, வழியை மறிப்பது. இரண்டாவது, தப்புகிறவர் யார் என்பதைக் காட்டிக்கொடுப்பது. முதலாவதை மட்டும் செய்தால் அது தடை ஓட்டப் பந்தயம். இரண்டாவதை மட்டும் செய்தால் மேடையில் தொங்கும் திரைச்சீலை. நுவரெலியாவுக்குப் பக்கத்துச் சீத்தா எலியவில் வைத்து எங்கள் ஊரார் சொல்லும் கதையே இதற்கு நல்ல அளவுகோல். அசோகவனத்துக்கு அனுமன் வந்துவிட்டான். தோளில் ஏறிக்கொள்ளுங்கள், கடலைத் தாண்டிவிடலாம் என்கிறான். கம்பனின் சீதை மறுக்கிறாள். கடல் அதுவரை வெறும் தண்ணீர், ஒரு குரங்கு தாண்டிவந்த தண்ணீர். தாண்ட வழியிருந்தும் அவள் தாண்ட மறுத்த கணத்தில்தான் அதற்குப் பொருள் வருகிறது. தன் சொல்லாலேயே உலகங்களைச் சுட்டுவிட முடியும், ஆனால் அது இராமனின் வில்லுக்கு இழுக்கு என்கிறாள். தடையும் குறியீடும் அந்த மறுப்பில் ஒன்றாகிவிடுகின்றன. கிளார்க்கின் மலையில் அவை எங்கே ஒன்றாகின்றன என்பதே என் கேள்வி.

கதை 22ஆம் நூற்றாண்டில் நடக்கிறது. வன்னேவர் மோர்கன் என்ற பொறியியலாளர் பூமியிலிருந்து விண்வெளிக்கு ஒரு மின்தூக்கி கட்ட முனைகிறார். கேட்டால் சிரிப்பு வரும். கணக்கைப் பார்த்தால் சிரிப்பு அடங்கிவிடும். பூமத்திய கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் செய்மதி, பூமி சுழலும் வேகத்துக்கே சுற்றுவதால், கீழே நிற்பவருக்கு ஆடாமல் அசையாமல் ஒரே இடத்தில் நிற்கும். அங்கிருந்து ஒரு கயிற்றைக் கீழே இறக்கி, பாரம் சமப்பட மேலேயும் நீட்டினால், பூமிக்கும் வானத்துக்கும் நடுவே கொடி கட்டியது போல் ஆகிவிடும். ரஷ்யப் பொறியியலாளர் யூரி அர்ட்சுட்டனோவ் 1960இலேயே இதை எழுதியிருந்தார். தன் பாரத்தையே தாங்காமல் அறுந்துபோகாத கயிறு ஒன்றுதான் கிடைக்கவில்லை. நாவலில் அது கிடைத்துவிடுகிறது, வைரம் போன்ற மெல்லிய இழை. இனி இடம் வேண்டும். பூமத்திய கோட்டில், காற்றும் மழையும் குறைந்த உயரத்தில், ஒரு சிகரம். அங்கே ஏற்கெனவே பிக்குகள் இருக்கிறார்கள்.

இதற்காகக் கிளார்க் இலங்கையின் படத்தில் மூன்று மாற்றங்கள் செய்தார். ஒளித்து வைக்கவுமில்லை, புத்தகத்திலேயே சொல்லிவிடுகிறார். தீவை 800 கிலோமீற்றர் தெற்கே தள்ளிப் பூமத்திய கோட்டில் வைத்தார். மலையை இரண்டு மடங்கு உயர்த்தினார். அதைச் சிகிரியாவுக்குப் பக்கத்தில் நகர்த்தினார். நாவலில் சிகிரியாவுக்கு யக்ககல என்று பெயர்.

முதல் இரண்டு மாற்றங்களோடு எனக்குச் சண்டையில்லை. நமது மலை ஏறத்தாழ ஏழு பாகை வடக்கே நிற்கிறது, அந்தக் கயிற்றுக்கு அது சரிவராது. உயரமும் காற்றுமண்டலத்தின் தடிப்பைத் தாண்டக் கேட்கப்பட்ட உயரம். தடையைக் கட்டும்போது இவர் கொத்தனாரைப் போல் நூல் பிடித்துக் கட்டுகிறார். அந்த நேர்மைக்காகவே இவரை வாசிக்கிறேன். ஒரே ஒரு தடவை மலையேறி, பிறகு பல நாள் கால் வழங்காமல் கிடந்ததையும் அவரே எழுதியிருக்கிறார். உச்சியில் மணி உண்டு. எத்தனையாவது தடவை ஏறியிருக்கிறோமோ அத்தனை முறை அடிப்பது வழக்கம். கிளார்க்குக்கு ஒரு அடி. தோட்டத்துப் பாட்டிமார் பருவத்துக்குப் பருவம் அடிக்கிற அடியில் மணிக்கே கை வலிக்கும், அது வேறு கதை.

மூன்றாவது மாற்றத்தில்தான் என் கை நின்றுவிடுகிறது. சிகிரியாவுக்கும் சிவனொளிபாதத்துக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 130 கிலோமீற்றர். நடுவில் என்ன இருக்கிறது? மாத்தளை, கண்டி, கம்பளை, நாவலப்பிட்டி, ஹட்டன். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்ட லூல்கந்துர தோட்டமும் அந்த இடைவெளியில்தான். கோப்பிக் காலத்தில் மன்னாரில் இறங்கி மாத்தளைக்கு நடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் குடியிருக்கும் நிலம் அது. காகிதத்தில் வரைந்த படத்தை மடித்து இரண்டு முனைகளையும் சேர்த்தால் நடுவிலிருப்பது மடிப்புக்குள் போய்விடும். நாங்கள் அந்த மடிப்புக்குள் போனோம்.

சுலபமாகக் கோபப்பட்டுவிடலாம், ஆனால் அது திறனாய்வு ஆகாது. எதிர்வாதத்தையும் கேட்போம். கதை நடப்பது இன்னும் நூறு வருஷத்துக்குப் பிறகு. அப்போது கொழுந்தெடுக்க ஆளே இல்லாமல் இருக்கலாம். நாவல் எல்லாரையும் ஏற்றிக்கொள்ளும் பஸ்ஸுமில்லை. இரண்டும் நியாயம்தான். ஆனால் இதே நாவல் இரண்டாயிரம் வருஷம் பின்னால் போய்க் காளிதாசன் என்ற அரசனைக் கொண்டுவருகிறது. சிகிரியாவை ஆண்ட நம் காசியப்பனே அவன். பாறைமேல் அரண்மனையும் நீரூற்றும் கட்டிக் கடவுளுக்குச் சவால்விட்டவன். அவனுக்குப் பக்கம் பக்கமாக இடம் கிடைக்கிறது. மலையை ஏற விரும்பியவனுக்கு வரலாறு உண்டு, மலையில் வேலை செய்தவளுக்கு இல்லை. தோட்டத்து ஆள் ஒருவர்கூடப் பாத்திரமாக வரவில்லை என்பதால் குறியீட்டுக்குத்தான் நட்டம். சரிவில் ஒருவரும் இல்லாததால் அந்த மலைக்கு உச்சி மட்டும் மிஞ்சுகிறது. உச்சி மட்டும் உள்ள மலை குறியீடாகச் சீக்கிரம் தேய்ந்துவிடும், ஏனென்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: மேலே.

கிளார்க் இதை எழுதிய எழுபதுகளில் அதே மலைகளிலிருந்து வேறொரு வெளியேற்றம் நடந்துகொண்டிருந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடில்லாதவர்களாக்கியவர்களில் 525,000 பேரை இந்தியா ஏற்பதென்று 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கணக்குப் போட்டது. ஹட்டன் ஸ்டேசனில் ரயிலேறி, தலைமன்னாரில் கப்பலேறி, இராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். ஸ்டேசன் மேடையில் அந்த நாட்களில் கேட்ட அழுகையைப் பற்றி எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பேச ஆரம்பித்தால், யாராவது எழுந்துபோய்த் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைப்பார்கள். 1979இல் வந்த நாவல் அதைப் பேசியிருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் அந்த நாவலின் நடுவிலேயே அதே கேள்வி உட்கார்ந்திருக்கிறது. மலையை விட்டுப் போ என்றால் யார் போக வேண்டும், யார் மறுக்கலாம்?

பிக்குகள் மறுக்கிறார்கள். நாவலின் மிக நல்ல பக்கங்கள் சில இங்கேதான் வருகின்றன. மகாநாயக்க தேரரை ஏமாளியாகவோ முரடராகவோ கிளார்க் எழுதவில்லை. கடவுள் நம்பிக்கையற்ற எழுத்தாளர் மதத்தலைவருக்கு இவ்வளவு மரியாதையான புத்திக்கூர்மையைக் கொடுத்திருப்பது ஆச்சரியம். உலகத்தின் மிகப் பெரிய கட்டுமான நிறுவனம் அந்த ஒரு 'முடியாது'க்கு முன்னால் கைகட்டி நிற்கிறது. சீதையின் மறுப்பைப்போல இதுவும் இடத்துக்குக் கனம் கொடுக்கிறது. இந்த அளவில் ஸ்ரீகந்த தடையாகவும் குறியீடாகவும் ஒரே நேரத்தில் நிற்கிறது.

பிறகு கிளார்க் அதைக் கையாலேயே கலைக்கிறார். காளிதாசனின் செத்த படைவீரர்கள் பொன்னிற வண்ணத்துப்பூச்சிகளாகப் பிறந்து மலையைப் பிடிக்க முயல்கிறார்கள், அவை உச்சியைத் தொட்டால் பிக்குகள் போக வேண்டும் என்று ஒரு ஐதீகம். இதன் விதையை அவர் இங்கிருந்தே எடுத்திருக்கிறார். சிங்களத்தில் மலைக்குச் 'சமனலகந்த' என்று பெயர், வண்ணத்துப்பூச்சி மலை. பருவத்தில் அவை கூட்டங்கூட்டமாக அந்தப் பக்கம் பறப்பதைத் தேயிலைக்குள் நின்று நாங்களும் பார்த்திருக்கிறோம். நாவலில், துறவியாகிவிட்ட ஒரு கணித மேதை வானிலையைக் கட்டுப்படுத்தும் செய்மதியைக் கைப்பற்றி, வேலையைக் கெடுக்கப் புயல் கிளப்புகிறார். கெடுக்கவும் செய்கிறார். அதே புயல் வண்ணத்துப்பூச்சிகளை உச்சிக்கு அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. பிக்குகள் இறங்கிவிடுகிறார்கள்.

அழகான திருப்பம், முதல் வாசிப்பில் நானும் கைதட்டினேன். இரண்டாம் வாசிப்பில் உறுத்தியது. கட்டிக்காத்த தடை காற்றில் விழுந்துவிட்டது. மோர்கன் எதையும் இழக்கவில்லை, எதையும் கற்கவில்லை. மலை அவரைச் சோதிக்காமலே வழிவிட்டுவிட்டது. தேரரும் தன் மறுப்பைத் தானே மாற்றிக்கொள்ளவில்லை, ஐதீகம் அவருக்காக முடிவெடுத்தது. குறியீடு ஜெயித்தது, தடை தோற்றது, மனிதர்கள் இருவரும் வேடிக்கை பார்த்தார்கள். விருதுகளை மறந்து சொன்னால், இது நாவலின் பெரிய ஓட்டை.

மலையை விட்டுப் போவது என்ற செயல் இவ்வளவு இலேசாக எழுதப்படும்போது மலையகத்து வாசகருக்கு வேறொன்று ஞாபகம் வராமல் இருக்காது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை இறங்கித் தொழிலாளர் குடியிருந்த லயங்களை மூடியது. அந்தச் சரிவு ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்னரே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, போய்க் குடியிருக்கச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் இருக்கவில்லை. அங்கே மறித்து நின்றது மலையா, காணி உறுதியா? ஸ்ரீகந்தவின் பிக்குகளுக்கு இருக்கவும் உரிமை இருந்தது, போகவும் இடம் இருந்தது. இரண்டும் இல்லாதவர்களின் ஆபத்தை இந்த நாவலின் மலையால் சொல்ல முடியாது.

கிளார்க் இத்தோடு நிறுத்தியிருந்தால் என் தீர்ப்பு கடுமையாக இருந்திருக்கும். ஆனால் கடைசிப் பகுதி இருக்கிறது.

கோபுரம் மேலிருந்து கீழே வளர்ந்து வருகிறது. அதன் அடிமுனை பூமிக்கு மேல் ஏறத்தாழ 600 கிலோமீற்றரில் இருக்கும்போது, வானியல் மாணவர்களும் அவர்களது பேராசிரியரும் அங்கே ஓர் அவசரகால அறைக்குள் அகப்பட்டுக்கொள்கிறார்கள். சாப்பாடு குறைவு, காற்று குறைவு, குளிர். விட்ட மூச்சே நஞ்சாகி ஏறிக்கொண்டு வருகிறது. குளிருக்கு ஒரு வானிலைச் செய்மதியின் லேசர் கதிரைப் பிடித்துச் சூடு காட்டுகிறார்கள். முன்னே புயலை ஏவியதும் அப்படியொரு செய்மதிதான். வண்ணத்துப்பூச்சி உத்தியைவிட இந்தச் சின்ன எதிரொலி எனக்குப் பிடித்திருக்கிறது. மூச்சுக்கு முகமூடி வேண்டும், யாராவது கொண்டுபோக வேண்டும். 'சிலந்தி' என்று ஓராள் ஊர்தி ஒன்று இருக்கிறது. இதயம் பழுதான மோர்கன் அதில் ஏறுகிறார்.

கிளார்க் இதற்கு முன்பே இதைச் செய்து பார்த்திருக்கிறார். 1961இல் வந்த 'எ ஃபோல் ஒஃப் மூன்டஸ்ட்' நாவலில் சந்திரனின் தூசிக் கடலுக்குள் உல்லாசப் பயணிகளின் ஓடம் ஒன்று புதைந்துபோகிறது. அங்கும் இதே வெப்பக் கணக்கு, மூச்சுக் கணக்கு. மீட்புக் கதையாக மட்டும் பார்த்தால் அதுதான் கெட்டிக்காரக் கதை, ஒவ்வொரு முடிச்சும் இறுக்கம். ஆனால் அந்தத் தூசிக்கு அர்த்தம் இல்லை. புத்தகத்தை மூடியதும் அது தூசியாகவே போய்விடுகிறது. பதினெட்டு வருஷம் கழித்து அதே கருவியைத் திரும்ப எடுத்தபோது, கிளார்க் அதற்குள் ஒரு நெஞ்சை வைத்தார்.

'சிலந்தி' பாதி வழியில் படுத்தும் பாட்டைப் பாருங்கள். தீர்ந்துபோன பற்றரி கழன்று விழ வேண்டும், விழவில்லை. அந்தப் பாரத்தோடு மேலே போக மின்சாரம் போதாது. புயல் இல்லை, ஐதீகம் இல்லை, மறுப்பு இல்லை. கழலாத பாரம் ஒன்று மட்டும். அதைத் தன் கையாலேயே கழற்ற வேண்டும், கழற்றும் உழைப்பு இதயத்துக்கு ஆகாது. நாவல் முழுவதும் தேடிக்கொண்டிருந்த இடம் எனக்கு இங்கே கிடைக்கிறது. தடை வெளியே பற்றரியாகவும் உள்ளே நெஞ்சாகவும் ஒன்றாகிவிட்டது. திரும்பிப் போகலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அவர் போகவில்லை. முகமூடிகள் போய்ச் சேருகின்றன. இறங்கி வரும்போது மோர்கன் இறந்துபோகிறார். மற்றவர்களைத் தப்பவைக்கப் போனவர் தப்பவில்லை என்பது பழைய கதைதான். ஆனால் வானத்தைப் பிடிக்கப் புறப்பட்ட மனிதர் கடைசியில் நாலு பேருக்கு மூச்சுக் கொண்டுபோகும் சுமைகாரராக மேலே ஏறுகிறார். அந்த வீழ்ச்சியை, என் பார்வையில் உயர்ச்சியை, காளிதாசனால் கனவிலும் நினைத்திருக்க முடியாது.

அந்த அறையும் எனக்கு அந்நியமாகப்படவில்லை. லயத்துக் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டடி. முன்னால் ஓர் இஸ்தோப்பு. விறகடுப்புப் புகை போக வழி தேடிச் சுவரைக் கறுப்பாக்கியிருக்கும். கல்யாணமான மகன், வயதுக்கு வந்த மகள், இருமும் தாத்தா, எல்லாருக்கும் அதே காற்று. தெளிவத்தை ஜோசப்பின் 'மீன்கள்' சிறுகதை, ஒரே காம்பராவில் முழுக் குடும்பமும் படுத்தெழும் அந்த நெருக்கடியை எந்த அலங்காரமும் இல்லாமல் எழுதியது. அங்கே சுவர் ஒரு தடை, அதே சுவர் ஒரு வரலாறு. ஆசிரியர் இரண்டையும் ஒட்டவைக்கத் தேவையே இருக்கவில்லை. மலையை மடித்து எங்களை உள்ளே தள்ளிய கிளார்க், 600 கிலோமீற்றர் மேலே போய், தான் அறியாமலே எங்கள் காம்பராவுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறார்.

ஆகவே என் தீர்ப்பு இது. பொறியியல் தடையாக ஸ்ரீகந்த முதல் தரம். குறியீடாக, தேரர் மறுக்கும்வரை உயிரோடு இருக்கிறது, வண்ணத்துப்பூச்சிகளோடு செத்துப்போகிறது. நாவலைக் காப்பாற்றுவது மலை அல்ல, மலைக்கு மேலே தொங்கும் அந்தச் சின்ன அறையும் கழலாத பற்றரியும். விருது கொடுத்தவர்கள் கோபுரத்தைப் பார்த்துக் கொடுத்திருக்கலாம். நான் சிலந்தியைப் பார்த்துக் கொடுப்பேன். வாசிக்க வேண்டிய புத்தகமா என்றால் கட்டாயம். ஹட்டன், நுவரெலியாப் பாடசாலை நூலகங்களில் இது இருக்க வேண்டும், ஓரத்தில் குறிப்பெழுத ஒரு பென்சிலோடு.

சூரியன் எழும்போது உச்சியில் ஒரு காட்சி உண்டு, கிளார்க்கும் பார்த்து வியந்து நாவலில் எழுதியிருக்கிறார். மலையின் நிழல், கோடு போட்ட முக்கோணமாக, மேற்கே இரத்தினபுரிப் பக்கத்துப் பனிமூட்டத்தின் மேல் சில நிமிடம் கிடக்கும். அதைப் பார்க்க ஏறிவந்த சனம் முழுக்க அந்தப் பக்கம் திரும்பி நிற்கும். போன வருஷம் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்துகொண்டு நான் மட்டும் கிழக்கே திரும்பினேன். மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்தில் வெளிச்சம் விழுந்திருந்தது. அதற்கு இப்பால் தேயிலைக்குள், இடுப்பில் படங்கு கட்டிய பெண்கள் வரிசையாக ஏறிக்கொண்டிருப்பார்கள். அந்தத் தூரத்திலிருந்து எந்த நம்பர் மலை என்று தெரியவில்லை.